கவுன்சில் 'பட்டியலில் இருக்கிறீர்கள்' என்றால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

இங்கிலாந்தில் வயதான பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவுக்காகக் குளியலறையை மாற்ற உதவித்தொகை கேட்டபோது எங்கள் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) ஒரு வருடத்துக்கு மேல் எங்களை இழுத்தடித்தது. எப்படி இழுத்தடித்தார்கள் என்று தெரிந்தால் நீங்களாவது முதல் மாதமே சுதாரித்துக்கொள்ளலாம்.

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவால் இடது காலைத் தூக்க முடியவில்லை. எங்கள் குளியலறையில் இருப்பதோ உயரமான தொட்டி. அதனால் குளியல் என்றால் கமோடு மூடிமேல் உட்காரவைத்து வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுவதுதான். கவுன்சிலின் பராமரிப்புப் பிரிவுக்குப் போன் செய்து, சில மாதம் கழித்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வீட்டில் என்ன மாற்றம் தேவை என்று மதிப்பிடுபவர்) ஒருவர் வந்தார். பொறுமையான பெண். எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டு, தொட்டியை எடுத்துத் தரைமட்ட ஷவர் போட வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த மாதிரி வேலைக்கு டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட் என்று ஒரு உதவித்தொகை இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவது, இங்கிலாந்தில் அதிகபட்சம் 30,000 பவுண்டு. பெரியவர்களுக்கு என்றால் வருமானம், சேமிப்பு பார்ப்பார்கள். ஆனால் பார்க்க வேண்டியது உடல் முடியாதவர், அவருடைய துணை, இவர்கள் கணக்கை மட்டும்தான். போனில் ஒருவர் என் சம்பளச் சீட்டை அனுப்பச் சொன்னார். அனுப்பத் தேவையே இல்லை.

அறிக்கை கிராண்ட் பிரிவுக்குப் போனதும் ஆரம்பித்தது கூத்து. எப்போது கேட்டாலும் "நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள்." விண்ணப்பப் படிவம் கொடுங்கள் என்றால், "உங்கள் முறை வரும்போது நாங்களே அனுப்புவோம்." ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்டால் அதைச் சொல்ல முடியாதாம்.

இலவச சட்ட ஆலோசனை மையம் ஒன்றில் விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முறையான விண்ணப்பம் வந்து சேர்ந்தால் கவுன்சில் 6 மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், அது சட்டம். அப்படியானால் விண்ணப்பத்தையே வாங்காமல் விட்டால்? அந்த 6 மாதம் தொடங்கவே தொடங்காது. நாங்கள் காத்திருந்த காலம் முழுக்க அவர்கள் கணக்கில் பூஜ்யம். அவசரத் தேவை உள்ளவர்களை முன்னால் எடுத்துக்கொள்ள உள்ளுக்குள் வரிசை வைத்துக்கொள்ளட்டும், சரி. அதைக் காட்டி விண்ணப்பம் போடுவதையே தடுக்க முடியாது. எனவே தெரபிஸ்ட் அறிக்கை வந்த கையோடு படிவத்தை எழுத்தில் கேளுங்கள், கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கிடையில் ஒரு கட்டட வேலைக்காரர், "இப்போதே போட்டுவிடலாம், அப்புறம் கிராண்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தப் பேச்சுக்கு இணங்கவே கூடாது. ஒப்புதல் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் பொதுவாகக் கிராண்ட் கிடைக்காது. வேலை முடிந்தே விட்டால் சுத்தமாகப் போச்சு.

போனில் நான் கத்தியதெல்லாம் 'சேவைக் கோரிக்கை' என்றுதான் பதிவாகியிருந்தது, புகார் என்று ஒன்றுகூட இல்லை. இது இரண்டாவது வித்தை. அதனால் மின்னஞ்சலில், முதல் வரியிலேயே 'இது முறையான புகார்' என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலான கவுன்சில்களில் இரண்டு கட்டம் இருக்கும். கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பான ஆம்புட்ஸ்மன் 2024-இல் வெளியிட்ட புகார் நெறிமுறைப்படி, முதல் கட்டத்துக்கு 10 வேலை நாள், இரண்டாவதுக்கு 20 வேலை நாள். எங்களுக்கு அதைவிட ரொம்பவே ஆனது. வந்த பதிலிலும் ஆள் பற்றாக்குறை, பொறுமைக்கு நன்றி, அவ்வளவுதான். நாங்கள் எப்போது பொறுமையாக இருந்தோம்?

அந்தக் கடைசிப் பதில் கைக்கு வந்ததும் அந்த ஆம்புட்ஸ்மனிடமே போனோம், முழுப் பெயர் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன். ஒரு பைசா செலவில்லை. இதற்கு நாங்கள் எழுதித் தருகிறோம் என்று காசு கேட்பவர்கள் நம் ஆட்களிலேயே இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். தவறு நடந்தது தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும் என்பது பொது விதி. கவுன்சில் பதிலே தராமல் இழுத்தால் அந்தக் காரணத்தைச் சொல்லி நேராகவே போய்க் கேட்கலாம். இழுத்தே அந்த 12 மாதத்தைத் தின்றுவிடுவார்கள், அதனால் தேதியில் கண் வையுங்கள்.

ஆம்புட்ஸ்மன் பார்ப்பது இரண்டு விஷயம்: கவுன்சில் தவறு செய்ததா, அதனால் உங்களுக்குப் பாதிப்பு வந்ததா. முடிவு பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் எடுபடாது. நான் தேதிவாரியாக ஒரே ஒரு பக்கம் எழுதினேன்: யாரிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, அந்த நாட்களில் அம்மா எப்படிக் குளித்தார். கடைசி விஷயத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது. விசாரித்தவர் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

விசாரணை மாதக்கணக்கில் ஓடியது. முடிவில் தவறு என்று தீர்ப்பு. விண்ணப்பத்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், அம்மாவுக்குச் சில நூறு பவுண்டு கொடுக்க வேண்டும், பட்டியல் நடைமுறையை மாற்ற வேண்டும். பெரிய தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது கோர்ட் இல்லை. அவர்கள் சொல்வது சட்டப்படி கட்டாயமும் இல்லை. ஆனாலும் கவுன்சில்கள் ஏறக்குறைய எப்போதும் கேட்டு நடக்கின்றன. மன்னிப்புக் கடிதமும் வந்தது, அம்மாவின் பெயரைத் தப்பாக அச்சடித்து.

ஷவர் இப்போது ஓடுகிறது. இன்னும் ஒன்று: கைப்பிடி, சாய்தளம் மாதிரி 1,000 பவுண்டுக்குள் முடியும் சின்ன மாற்றங்களைத் தேவை என்று மதிப்பிட்டால் இங்கிலாந்தில் கவுன்சில் இலவசமாகச் செய்து தர வேண்டும், அதற்குக் கிராண்ட் வேண்டியதில்லை. எங்களிடம் அதைக்கூடப் பட்டியல் என்றுதான் சொன்னார்கள். கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ரிப்பேர் சம்பந்தமான புகாரை ஹவுசிங் ஆம்புட்ஸ்மனிடம் கொண்டு போக வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி ஆம்புட்ஸ்மன் உண்டு, அங்கே கிராண்ட் விதிகளும் வேறு.