கருத்து வரைபடத்தில் கோப்பும் சுட்டியும்: சிமேப் டூல்ஸை நெடுநாள் புழங்கினால் தெரிய வருபவை

கருத்து வரைபடம் வரையும் மென்பொருளான சிமேப் டூல்ஸில் ஒரு கருத்துக் கட்டத்தின் மேல் பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டுச் சுட்டி (லிங்க்) உண்டாக்க இரண்டு விநாடி போதும். அதே சுட்டி மூன்று ஆண்டு கழித்து, வேறொரு கணினியில், வேறொருவர் கையில் திறக்குமா என்பதுதான் கேள்வி. புதிதாக வருபவர்கள் கோடு வளைகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரைபடம் நாள்பட உழைக்குமா என்பதோ அதில் இணைத்த கோப்பு உண்மையில் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. நீண்டகாலம் புழங்கியபின் மதிப்பிட வேண்டியது அதைத்தான்.

கருத்து வரைபட முறை 1972-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினரின் ஆய்விலிருந்து வந்தது. சிமேப் டூல்ஸ் அந்த முறைக்கென்றே அமெரிக்காவின் பென்சகோலாவிலுள்ள ஐஎச்எம்சி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடும். கட்டத்துக்குள் ஒரு கருத்து, கோட்டின் நடுவே இணைப்புச் சொல், மறுமுனையில் இன்னொரு கருத்து. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம் கிடைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் எழுதினால் வரைபடம் கட்டுரையாகிவிடும். ஆகவே விளக்கம், சான்று, படம், காணொளி எல்லாம் கட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். கோப்பு இணைக்கும் வசதி இந்த முறைக்கு அடிப்படைத் தேவையாவது இதனால்தான். நாசாவின் ஏம்ஸ் மையம் செவ்வாய் கிரக ஆய்வை இந்த மென்பொருளில்தான் பல வரைபடங்களாக விரித்தது. ஒரு கட்டத்தைத் தொட்டால் படம், கட்டுரை, அடுத்த வரைபடம் என்று உள்ளே உள்ளே போகலாம்.

இணைக்கும் முறை

முதலில் வரைபடத்தைச் சேமியுங்கள். சேமிக்காத வரைபடத்துக்கு ஃபோல்டர் கிடையாது. இணைக்கும் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்பதும் முடிவாகியிருக்காது. ஒரு தலைப்புக்கு ஒரு ஃபோல்டர் தொடங்கி, அதற்குள் வரைபடத்தைச் சேமித்துவிட்டு, பிறகு கோப்புகளைச் சேர்ப்பது சரியான வரிசை.

கணினியிலுள்ள கோப்பை அப்படியே இழுத்துவந்து கட்டத்தின் மேல் விடலாம். அல்லது கட்டத்தில் வலது கிளிக் செய்து ‘ஆட் அண்ட் எடிட் லிங்க்ஸ் டு ரிசோர்சஸ்’ என்பதைத் திறந்து, ஏற்கெனவே ஃபோல்டரில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இணைய முகவரிக்கு அதே வலது கிளிக் பட்டியலில் ‘ஆட் வெப் அட்ரஸ்’ இருக்கிறது. பெயரும் முகவரியும் கேட்கும். பெயரைக் காலியாகவோ முகவரியாகவோ விடாதீர்கள். ‘வேர்முடிச்சு, நுண்ணோக்கிப் படம்’ என்று எழுதினால்தான் பின்னால் பட்டியலில் எது எது என்று தெரியும்.

இணைத்ததும் கட்டத்தின் அடியில் சிறிய சின்னம் தோன்றும். படத்துக்கு ஒன்று, வலைப்பக்கத்துக்கு ஒன்று, மற்றொரு வரைபடத்துக்கு ஒன்று என வகைக்கு ஒரு சின்னம்தான். ஒரே வகையில் ஐந்து கோப்பு இருந்தாலும் சின்னம் ஒன்றே, கிளிக் செய்தால் பட்டியல் விரியும். வரைபடம் அலங்கோலமாகாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் சின்னம் ஒன்றாகவே தெரிவதால் ஒரே கட்டத்தில் பத்துப் பதினைந்து சுட்டிகளைக் குவித்துவிடுவதும் எளிது. பார்ப்பவர் எதையும் திறக்காமல் போய்விடுவார். ஒரு கருத்துக்கு மூன்றைத் தாண்டினால், அந்தக் கருத்து தனி வரைபடம் கேட்கிறது என்று பொருள். புது வரைபடம் தொடங்கி, அதை இங்கே சுட்டுங்கள்.

இணைப்புச் சொல்லிலும் சுட்டி போடலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நைட்ரஜன் சுழற்சி வரைபடத்தில் ‘ரைசோபியம் பாக்டீரியா’, ‘நிலைப்படுத்துகிறது’, ‘காற்றின் நைட்ரஜன்’ என்று ஒரு தொடர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்டீரியாவின் நுண்ணோக்கிப் படம் முதல் கட்டத்துக்கு உரியது. அது நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது என்பதைக் காட்டும் சோதனைக் கட்டுரை எந்தக் கட்டத்துக்கும் உரியதல்ல. நடுவிலுள்ள இணைப்புச் சொல்லுக்கே உரியது. பொருளைக் காட்டும் கோப்பு கட்டத்தில், கூற்றுக்குச் சான்றாகும் கோப்பு இணைப்புச் சொல்லில் என்று பிரித்துவிட்டால், எந்தக் கூற்று சான்றில்லாமல் நிற்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்ததுமே தெரியும். இந்த மென்பொருளில் மிகவும் மதிக்கத்தக்க வசதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நகலா, சுட்டலா

இழுத்துப் போடும்போது சிமேப் டூல்ஸ் அந்தக் கோப்பின் நகலை வரைபடம் இருக்கும் ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. மூலக்கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் நன்மை உண்டு: மூலத்தை அழித்தாலும் சுட்டி வேலை செய்யும். சிக்கல், மூலத்தைத் திருத்தும்போது தொடங்குகிறது. டெஸ்க்டாப்பில் இருக்கும் வேர்டு கோப்பில் ஓர் அட்டவணையைச் சரிசெய்து சேமிக்கிறோம். வரைபடத்தின் வழியாகத் திறந்தால் பழைய அட்டவணையே வருகிறது. மென்பொருள் பழுதல்ல, அது வேறொரு கோப்பு. இணைத்தவுடன் வெளியிலுள்ள மூலத்தை வேறு ஃபோல்டருக்கு ஒதுக்கிவிட்டு, இனி திருத்தமெல்லாம் சிமேப் டூல்ஸ் வரைபடங்களை வைக்கும் ‘மை சிமேப்ஸ்’ ஃபோல்டரிலுள்ள நகலில்தான் என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

இடமாற்றத்துக்கும் ஒரு விதி உண்டு. கோப்பையோ வரைபடத்தையோ நகர்த்த வேண்டுமானால் சிமேப் டூல்ஸின் ‘வியூஸ்’ சாளரத்திலேயே நகர்த்துங்கள். அங்கே செய்தால் மென்பொருள் சுட்டிகளையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வெட்டி ஒட்டினால் அதற்குத் தெரிய வழியில்லை. அறுந்த சுட்டிகளில் பெரும்பங்கு, யாரோ ஃபோல்டரை ஒழுங்குபடுத்தியதால் வந்தவை.

‘மை சிமேப்ஸ்’ வழக்கமாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். விண்டோஸில் ஒன்டிரைவ் காப்புநகல் வசதியை இயக்கினால் டாக்குமென்ட்ஸ் முழுவதும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறுகிறது. அதோடு, இடத்தை மிச்சப்படுத்தச் சில கோப்புகள் பெயரளவில் மட்டும் கணினியில் நிற்கும். உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும். வீட்டில் திறந்த கோப்பு, நெட் இல்லாத வகுப்பறையில் திறக்க மறுப்பது இதனால்தான். அந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

பிறருடன் பகிரும்போது மிக அதிகமாக நடக்கும் தவறு, வரைபடத்தை மட்டும் சர்வருக்கு நகலெடுப்பது. நம் கணினியில் எல்லாம் திறக்கும், ஏனெனில் சுட்டிகள் நம் கணினியைச் சுட்டுகின்றன. மற்றவருக்கு ஒன்றும் திறக்காது. ஃபோல்டர் முழுவதையும் ஒன்றாக நகலெடுத்தால், உள்ளே ஒன்றையொன்று சுட்டுபவை புதிய இடத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். தலைப்புக்கு ஒரு ஃபோல்டர் என்று தொடக்கத்திலேயே வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். சிமேப் இல்லாதவர்களுக்கு வலைப்பக்கமாக ஏற்றுமதி செய்யலாம். படமாக ஏற்றுமதி செய்தால் சின்னங்கள் தெரியும், ஆனால் எதையும் கிளிக் செய்ய முடியாது.

தமிழ்ப் பெயர்கள் தரும் தொல்லை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்கள் இதைத் தொடுவதே இல்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறுவதால் இந்த ஒரு சொல் 45 எழுத்தாக நீள்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்து ஒட்டினால் வரும் பூரான் போன்ற நீளத்துக்குக் காரணம் இதுவே. அது வேலை செய்யும். ஆனால் நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கையால் திருத்தாமல் முழுவதுமாக மறுபடி ஒட்டுங்கள்.

கோப்புப் பெயரில் வேறு வகைச் சிக்கல். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்பு முறைகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடுகள் மட்டுமே. மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடு என்பதால் ஐம்பது எழுத்துச் சொச்சத்திலேயே எல்லை வந்துவிடும். அரசாணைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்த பிடிஎஃப், விண்டோஸில் நன்றாக இருந்துவிட்டு லினக்ஸ் சர்வருக்கு ஏற மறுப்பது இதனால்தான். விண்டோஸிலும் பல நிரல்களுக்கு ஃபோல்டர் பாதை முழுவதும் சேர்த்து 260 என்ற பழைய எல்லை இன்னும் நீடிக்கிறது.

ஒகரக் குறி இன்னொரு கண்ணி. ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கொள்கை’ என்ற கோப்பை, விண்டோஸில் தட்டச்சு செய்த ‘கொள்கை’ என்ற சுட்டி லினக்ஸ் சர்வரில் தேடினால் கிடைக்காது. கோப்பு கண்ணெதிரே இருக்கும், சுட்டி மட்டும் திறக்காது. பழைய ஜிப் கருவிகளில் சுருக்கினால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக மாறுவதும் உண்டு.

தமிழ்மேல் எத்தனை பற்று இருந்தாலும், கணினி விட்டுக் கணினி போகும் கோப்புக்கு ரோமன் சிற்றெழுத்திலும் எண்ணிலும் பெயர் வைப்பதே பாதுகாப்பு. இடைவெளிக்குப் பதில் சிறுகோடு, தேதியில் ஆண்டு முதலில். பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும். எல்லாமே சிற்றெழுத்து என்றால் அந்தக் கவலையும் இல்லை. தமிழ் இருக்க வேண்டிய இடம் கட்டமும் இணைப்புச் சொல்லும் வலைச்சுட்டியின் பெயரும். அங்கே அதற்கு எந்தத் தடையும் கிடையாது.

வலைச்சுட்டிகளின் ஆயுள்

கோப்பு நம் கையில், வலைப்பக்கம் பிறர் கையில். செய்தித் தளங்களும் துறைத் தளங்களும் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகள் செத்துப்போகின்றன. ஆய்வுக் கட்டுரைக்கு டிஓஐ எண் (கட்டுரைக்கென வழங்கப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதன் முகவரியையே கொடுங்கள். பதிப்பகம் தளத்தை மாற்றினாலும் அது பெரும்பாலும் புது இடத்துக்கு வழிகாட்டும். மற்றப் பக்கங்களுக்கு, இணைக்கும் அன்றே இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ‘சேவ் பேஜ் நவ்’ வழியாக ஒரு நகலைச் சேமித்து, அந்த முகவரியை இரண்டாவது சுட்டியாகப் போடுங்கள். விக்கிப்பீடியாவில் நாம் படித்த வடிவமே வேண்டுமானால் கருவிகள் பகுதியிலுள்ள நிலையான தொடுப்பை எடுக்க வேண்டும். சுருக்க முகவரிகள் வேண்டாம். சேவை நின்றால் அது எங்கே போனது என்று அறியவே வழியில்லை. லாகின் செய்தபின் கிடைக்கும் முகவரியை, லாகின் இல்லாத வேறொரு பிரவுசரில் சோதிக்காமல் ஒட்டாதீர்கள்.

யூடியூபில் ஷேர் பட்டனை அழுத்தி, தொடங்கும் நேரத்தைக் குறித்து முகவரியை எடுங்கள். நாற்பது நிமிடக் காணொளியில் தேவையான இடத்தைத் தேட வைப்பது பார்ப்பவருக்குச் செய்யும் அநீதி.

கூகுள் டிரைவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. புதிய கோப்பு இயல்பாக ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலையில் இருக்கும்; சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்றாவிட்டால் அனுமதி கேட்டு மின்னஞ்சல்கள் குவியும். அடுத்தது, பிடிஎஃப்பின் திருத்திய பதிப்பை ஏற்றும்போது பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் முகவரி மாறி, வரைபடத்திலுள்ள சுட்டி செத்துவிடும். கோப்பில் வலது கிளிக் செய்து ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ வழியாகப் புதிய பதிப்பை ஏற்றினால் முகவரி அப்படியே இருக்கும்.

மாற்றாக எவை

ஃப்ரீபிளேன் என்ற மென்பொருள் மன வரைபடத்துக்கானது, அதாவது நடுவிலுள்ள ஒரு கருத்திலிருந்து கிளைகளாக விரியும் வரைபடத்துக்கு. கோட்டில் சொல் எழுத முடிந்தாலும் கருத்து வரைபடத்தின் முழு இயல்பு அதில் வராது. ஆனால் சுட்டி விஷயத்தில் அது மிகவும் வெளிப்படையானது. கன்ட்ரோல்-கே அழுத்தி முகவரி தட்டலாம்; ஷிஃப்ட் சேர்த்தால் கோப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்பை நகலெடுக்காது, சுட்டும் அவ்வளவுதான். விருப்பங்களில் ஹைப்பர்லிங்க் வகை ‘ரிலேட்டிவ்’ என்று இருந்தால், வரைபடத்தையும் கோப்புகளையும் ஒரே ஃபோல்டராக பென்டிரைவில் எடுத்துப்போனாலும் எல்லாம் திறக்கும். கோப்பு எக்ஸ்எம்எல் உரை என்பதால், ஃபோல்டர் பெயர் மாறிப் பல சுட்டிகள் அறுந்தாலும் நோட்பேடில் திறந்து ஒரே தடவையில் தேடி மாற்றிவிடலாம். மாற்றுமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்மைண்ட் என்ற இன்னொரு மன வரைபட மென்பொருளில் ‘அட்டாச்மென்ட்’ வேறு, ‘ஹைப்பர்லிங்க்’ வேறு. அட்டாச்மென்ட் கோப்பை வரைபடத்துக்குள்ளேயே புதைக்கிறது. அதன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். பெயரின் பின்னொட்டை மாற்றித் திறந்தால் புதைந்தவை தெரியும். ஒரே கோப்பாக மின்னஞ்சலில் அனுப்ப இதைவிட வசதி இல்லை. காணொளிகளைப் புதைத்தால் மட்டும் கோப்பு ஊதிப்போய், சேமிப்பதே மெதுவாகும். சில பக்கக் குறிப்புகளைப் புதையுங்கள், காணொளியைச் சுட்டுங்கள்.

சான்றோடு கூடிய வரைபடத்தைப் பல ஆண்டு வளர்க்கப் போகிறவர்களுக்கு சிமேப் டூல்ஸையே பரிந்துரைக்கலாம். தோற்றம் பழையதுதான், ஜாவாவில் எழுதப்பட்டதால் திறக்கச் சற்று நேரமும் எடுக்கும். வகுப்பில் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பிவிடுவது மட்டும் வேலையென்றால் எக்ஸ்மைண்ட் போதும்.

எதில் செய்தாலும் ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனை: ஃபோல்டர் முழுவதையும் வேறொருவரின் கணினியில் வைத்து, முதலில் வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வொரு கோப்புச் சின்னத்தையும் திறந்து பாருங்கள். அடுத்து வைஃபையை இயக்கி, பிரவுசரின் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒவ்வொரு வலை முகவரியையும் ஒட்டித் திறந்து பாருங்கள்.