50,000 ரூபாய் கணினி: எதை இன்று வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மானிட்டரையும் சேர்த்து 50,000 ரூபாயை ஒட்டி ஒரு கணினி வேண்டும். பகலில் பாடம், இரவில் கேம். இந்தக் கணக்கோடு சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவருக்குப் பெரும்பாலும் நான்கு வழிகள் காட்டப்படும். கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ஒன்று. இன்டெல் ஐ3-12100எஃப் பிராசஸரோடு ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு இன்னொன்று. ஏதோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்த பழைய கணினி மூன்றாவது. நான்காவது, கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் சுழலும் 'ஐ7 கேமிங் பிசி'.

விலையைப் பைசா சுத்தமாக இங்கே எழுதப் போவதில்லை. 2025 இறுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்துவிட்டது. 'இந்தக் கொட்டேஷன் நாளைக்குச் செல்லாது' என்று கடைக்காரர் சொன்னால் இப்போதைக்கு அவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

நான்கையும் எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. ஒரு பாகத்தைப் பின்னால் சேர்க்க முடியுமா, அல்லது இருப்பதைக் கழற்றிவிட்டு மாற்ற வேண்டியிருக்குமா? சேர்ப்பதில் நஷ்டம் இல்லை. மாற்றும்போது பழையதைப் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். கிராபிக்ஸ் கார்டும் இரண்டாவது எஸ்.எஸ்.டி-யும் சேர்க்கிற சாமான்கள். மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), மானிட்டர் ஆகியவை மாற்றுகிற சாமான்கள். 'பிராசஸரை அப்புறம் அப்கிரேடு செய்துகொள்ளலாம்' என்பது கடையில் அடிக்கடி காதில் விழும் வசனம். நான்கு ஆண்டுப் படிப்புக்குள் பிராசஸரை மாற்றிய மாணவர்கள் மிகக் குறைவு.

முதலில் அந்த ஐ7

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐ7 என்ற ஸ்டிக்கருக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது 2011-இல் வந்த ஐ7-2600 அல்லது 2012-இல் வந்த ஐ7-3770. பழைய எச்61 சிப்செட்டை வைத்துப் புதிதாகத் தயாரித்த போர்டு, டிடிஆர்3 ரேம், 2014-ஆம் ஆண்டின் ஜிடி 730 கார்டு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துபோனது. வேலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் உள்ளேயே விடாது. 12-ஆம் தலைமுறை ஐ3-இலும் அதே நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) தான். ஆனால் அந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்தில் நிற்காது. 'ஐ7-க்கு அப்புறம் வரும் எண் என்ன?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

5600ஜி-யா, 12100எஃப்-ஆ?

உண்மையான போட்டி இங்கேதான். 2021-இல் வந்த 5600ஜி-யில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். 2022 ஜனவரியில் வந்த 12100எஃப்-இல் நான்கு கோர், எட்டு திரெட். கடைசியில் இருக்கும் 'எஃப்' உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதற்கான அடையாளம். விலையில் ஐ3 சில ஆயிரம் குறைவு. தனி கோரின் வேகத்திலும் அதுவே முன்னால் நிற்கிறது. விளையாட்டுக்குத் தனி கோர் வேகம்தான் முக்கியம் என்பதால், நல்ல கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் இந்தச் சின்ன ஐ3 எதிர்பார்ப்பை மீறி ஓடும்.

சிக்கல் அந்த 'நல்ல கார்டு' என்ற இடத்தில்தான். 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 தனியாகவே 20,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. 50,000 ரூபாய்க்குள் அது அடங்காது. அடக்கப் பார்க்கும் கடை என்ன செய்யும்? ரேமை 8 ஜிபி ஆக்கும், கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்-ஐயே மாட்டும், கார்டை ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யாகவோ ஜிடிஎக்ஸ் 1650-ஆகவோ இறக்கும். இரண்டிலும் 4 ஜிபி நினைவகம்தான். இன்றைய புதிய விளையாட்டுகளுக்கு அது போதாது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்துத் திறந்தால் 8 ஜிபி ரேம் திணறும். ஆக, படிப்புக்கும் குறை, விளையாட்டுக்கும் குறை. இரண்டு ஆண்டில் கார்டு, எஸ்.எம்.பி.எஸ் இரண்டையும் கழற்றிப் போட வேண்டியிருக்கும்.

5600ஜி-யை எடுத்தால் கார்டுக்கான பணம் மிச்சம். அதை 16 ஜிபி ரேமிலும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்-இலும் போடலாம். 1080பி-யில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் வேலரன்ட் நொடிக்கு 100 ஃபிரேமைத் தாண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 எல்லாம் விளையாடும் நிலையில் ஓடும். சைபர்பங்க் 2077 போன்றவற்றை ஆசைக்குத் திறந்து பார்க்கலாம், அவ்வளவே. படிப்புப் பக்கம் ஆறு கோர் நன்றாகவே உதவும்: நிரல் கம்பைல் செய்ய, வர்ச்சுவல் மெஷின் ஓட்ட, வீடியோ ஏற்றுமதி செய்ய.

ஆனால் 5600ஜி-க்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. எனவே ரேமின் வேகம்தான் கிராபிக்ஸின் வேகம். ஒரே 16 ஜிபி ரேமை மாட்டினால் ரேமும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் சேனல்களில் ஒன்றுதான் வேலை செய்யும், ஃபிரேம்கள் கண்கூடாகச் சரியும். இரண்டு 8 ஜிபி மாட்டினால்தான் இரண்டு சேனலும் திறக்கும். இங்கே என் அளவுகோலே என்னோடு சண்டைக்கு வருகிறது: இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு 8 ஜிபி போட்டுவிட்டால், 32 ஜிபி-க்குப் போகும் நாளில் இரண்டையும் கழற்ற வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பி550 போர்டு கைக்கு எட்டினால் அதையே எடுங்கள். எட்டாவிட்டாலும் இரண்டு 8 ஜிபி-யே சரி; தினமும் விளையாடும் வேகத்தை என்றோ வரப்போகும் 32 ஜிபி-க்காக இழப்பது வீண்.

கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். 3200 என்று சொல்லி விற்ற பல ரேம்கள் 2400-இலோ 2666-இலோ சோம்பிக் கிடக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் திரையில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள். செலவில்லாமல் கிடைக்கும் வேகம் அது. அசெம்பிள் செய்கிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

5600ஜி-யின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஜி இல்லாத, அதே ஆறு கோர் ரைசன் 5 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி. ஜி-யில் 16 எம்பி. கார்டும் எஸ்.எஸ்.டி-யும் பிராசஸரோடு பேசும் பாதையான பிசிஐஇ-யில் அந்த 5600-க்கு 4.0 உண்டு, ஜி-க்கு 3.0 மட்டுமே. நாளை ஆர்எக்ஸ் 6600-ஐச் சேர்த்தால் 5600-ஐவிடச் சற்றுக் குறைவான வேகம்தான் கிடைக்கும், பொறுத்துக்கொள்ளும் அளவில். ஆனால் நான்கே பாதையில் பேசும் 6500 எக்ஸ்டி-யை இதில் சேர்த்தால் இழப்பு பெரிது. அந்த ஜோடி வேண்டவே வேண்டாம். எஸ்.எஸ்.டி-க்கும் இதே கதை: 4.0 எஸ்.எஸ்.டி வாங்கி மாட்டினாலும் ஜி-யில் 3.0 வேகத்தில்தான் ஓடும். 3.0 வகை போதும். மிச்சப் பணத்தில் 500 ஜிபி-யை 1 டிபி ஆக்க முடிகிறதா பாருங்கள். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபி-க்கு மேல் இடம் கேட்கும்.

இன்டெல்லில் எஃப் இல்லாத 12100-உம் இருக்கிறது. அதன் யூஹெச்டி 730 கிராபிக்ஸ் படம் காட்டும், வீடியோ ஓட்டும்; விளையாட்டில் வேகாவிடம் வெகுவாகத் தோற்கும். ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்கப் பணம் வரப்போவது உறுதி என்றால் இதுதான் புத்திசாலித்தனம்: அதுவரை படிப்பு ஓடும், பிறகு கார்டுக்கு 4.0 பாதையும் கிடைக்கும். எஃப் வகையில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கமும் இதையொட்டியதே. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை எஃப் கணினியில் திரை இருண்டே கிடக்கும். செமஸ்டர் நெருக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு எஃப் வகையில் கிடைக்கும் மிச்சம் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

ஏஎம்டி-யின் புதிய ஏஎம்5 மேடையை (பிராசஸரும் போர்டும் சேர்ந்த வகை) சிலர் சிபாரிசு செய்வார்கள். அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். இன்றைய ரேம் விலையில் இந்த பட்ஜெட் அங்கேயே கவிழ்ந்துவிடும். இன்னொரு பொறியும் உண்டு. அந்த மேடைக்கு 2024-இல் வந்த 8500ஜி பிராசஸர் பின்னால் சேர்க்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு பாதைதான் தருகிறது. 8600ஜி எட்டு தருகிறது. 'இப்போது ஜி, பிறகு கார்டு' என்று திட்டமிடுகிறவர் அந்த இரண்டில் 8600ஜி-யைத்தான் பார்க்க வேண்டும், அது நம் தொகைக்குள் வராது.

கார்டு வாங்கும் நாளில்

ஆர்எக்ஸ் 6600-உம் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-உம் ஏறக்குறைய ஒரே விலை வட்டாரத்தில் இருப்பவை. விளையாட்டுக்கு மட்டும் என்றால் 6600. ஃபிரேம் கணக்கில் கால் பங்கு அளவுக்கு முன்னால் நிற்கும். ஆனால் பிள்ளை படிப்பது எந்திரக் கற்றல் என்றாலோ, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நாள் முழுக்க உட்காருகிறவர் என்றாலோ என்விடியா பக்கம் சாய நியாயம் உண்டு, பாடத்தில் வரும் பல கருவிகள் என்விடியாவின் குடா என்ற மென்பொருள் தளத்தை நம்பியே எழுதப்பட்டவை. இருந்தாலும் முதலாண்டுப் பயிற்சிகளுக்குக் கூகுள் கோலாப் இலவசமாகத் தரும் வசதியே போதும். அதற்காக மட்டும் 3050 வாங்குவது அவசரம்.

3050 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உலவுகின்றன. 2022-இல் வந்தது 8 ஜிபி, 130 வாட். 2024-இல் வந்தது 6 ஜிபி, 70 வாட். கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் குறுகல். ஒன்றின் சோதனைக் காணொளியைப் பார்த்துவிட்டு மற்றொன்றை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த 6 ஜிபி கார்டுக்கென்று ஓர் இடம் உண்டு, அது மூன்றாவது வழி. அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் வகைக் கணினிகளில் கிராபிக்ஸ் கார்டுக்கான தனி மின்கம்பி பெரும்பாலும் இருக்காது, எஸ்.எம்.பி.எஸ்-உம் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், வெளியில் வாங்கி மாட்ட முடியாது. 6 ஜிபி 3050-இன் பல மாடல்களுக்குத் தனிக் கம்பி தேவையில்லை, ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஐ5-8500 போன்ற 8-ஆம் தலைமுறைக் கணினியோடு இதைச் சேர்த்தால் மொத்தச் செலவு குறைவாகவும், விளையாட்டு 5600ஜி-யைவிட நன்றாகவும் இருக்கும். 6-ஆம், 7-ஆம் தலைமுறையை இன்னும் மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விண்டோஸ் 11 பட்டியல் அங்கேயும் குறுக்கே நிற்கும். ஒல்லியான கேபினெட் என்றால் கார்டின் உயரத்தையும் அளந்து கேட்க வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், படிப்பு முதலில் என்றால் 5600ஜி. கேம்தான் முதலில், பழைய பெட்டி என்ற கூச்சம் இல்லை என்றால் அலுவலகக் கணினியும் 3050-உம். கையில் இன்னும் 20,000 இருந்தால் இந்த இரண்டையும் மறந்துவிட்டு ஐ5-12400-உம் ஆர்எக்ஸ் 6600-உம்.

கடைசியாக, மின்சாரம்

எஸ்.எம்.பி.எஸ்-இல் மட்டும் பேரம் வேண்டாம். 6600 கார்டுக்கு ஏஎம்டி சொல்லும் குறைந்த அளவு 450 வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியின் மேல் 450 என்று அச்சிட்டிருப்பதும், அது 450 வாட் தருவதும் வேறு வேறு விஷயங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, பாதுகாப்புக்குச் சான்றிதழ் ஆகாது. ஐந்தாண்டு வாரண்டி தருகிற மாடலை நம்பலாம். கார்டை ஒத்திவைக்கிறவர்களும் இன்றே 550 வாட்டில் நல்லதாக ஒன்றை வாங்கிவிட வேண்டும். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பவர், வாரண்டியையும் சேர்த்தே குறைக்கிறார்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்-களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்சாரத்தைச் சீராக எடுத்துக்கொள்ளும் அமைப்பு, பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் இரைச்சலிடலாம், கரண்ட் போன நொடியில் கணினி அணைந்தும் போகலாம். சைன் வேவ் என்றால் கவலையில்லை. பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாவிட்டால் கடைக்குக் கிளம்பும் முன் அதன் மேலிருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எஸ்.எம்.பி.எஸ்-ஐத் தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.