போஸ்ட்கிரெஸ் பேக்கப், தினமும் எஸ்3-க்கு: நாள்பட ஓட்டினால் தெரியவருபவை

ஒற்றை சர்வர், முப்பது நாற்பது ஜிபி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இரவில் பிஜி டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாக எடுக்கும் கருவி) ஓட்டி, அமேசானின் ஆன்லைன் சேமிப்பிடமான எஸ்3-யின் மும்பை ரீஜனுக்கு அனுப்பும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அமைக்க அரை மணி நேரம் போதும். கோளாறுகள் வெளிவரத்தான் மாதக்கணக்கில் ஆகிறது, ஏனென்றால் இதில் பழுதாகிற எதுவும் சத்தம் போடுவதில்லை.

பைப்பையே (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) பாருங்கள். டம்ப், ஜிஜிப், அப்லோட் மூன்றையும் கோத்துவிட்டால் ஷெல் கடைசி கட்டளையின் எக்ஸிட் கோடை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) மட்டும்தான் பார்க்கும். பாஸ்வேர்ட் மாறியதால் டம்ப் முதல் நொடியிலேயே விழுந்தாலும், ஜிஜிப் ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கும், அப்லோடும் வெற்றி என்று சொல்லும். பக்கெட்டில் (எஸ்3-யில் ஃபைல்களை வைக்கும் இடம்) தேதி போட்ட ஃபைல் இருக்கும், அளவு 20 பைட். பாஷில் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போட்டால் தோல்வி தெரியவரும், ஆனால் அரைகுறை ஃபைல் மேலே போவதை அது தடுக்காது. டிஸ்கில் இடமிருந்தால் லோக்கலில் எழுதி முடித்து, அளவைப் பார்த்துவிட்டு அனுப்புவதே மேல். கஸ்டம் ஃபார்மட்டில் எடுத்தால் அதுவே சுருக்கிக்கொள்ளும், ஜிஜிப் தேவையில்லை.

டிஸ்கில் எழுதாமல் நேரடியாக ஸ்ட்ரீம் செய்வதில் இன்னொரு சுவர் இருக்கிறது. எஸ்3 ஒரு ஃபைலுக்கு 10,000 துண்டுகளுக்கு மேல் ஏற்காது. அளவு தெரியாத ஸ்ட்ரீமை ஆர்க்ளோன் (கிளவுடுக்கு ஃபைல் அனுப்பும் கருவி) இயல்பாக 5 எம்பி துண்டுகளாக அனுப்புவதால் சுமார் 48 ஜிபியில் முட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்ட், யாரும் கை வைக்காமலே ஒரு நாள் நிற்பது இப்படித்தான். பாதியில் நின்ற துண்டுகள் சாதாரண லிஸ்டிங்கில் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். முடியாத மல்டிபார்ட் (துண்டு துண்டான) அப்லோடுகளை ஏழு நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானில் சதவீதக் குறி புதுவரியாகக் கொள்ளப்படும், அதனால் ஃபைல் பெயருக்கான தேதிக் கட்டளையை கிரான்டேபில் எழுதாமல் ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள். சர்வர் யுடிசியில் ஓடினால் நம் அதிகாலை 2 மணி என்பது 20:30, பெயரில் முந்தைய நாள் தேதி விழும். அவசரத்தில் தேடும்போது இது நன்றாகவே குழப்பும்.

சர்வரை மேஜர் வெர்ஷன் ஏற்றினால் பிஜி டம்ப்பையும் ஏற்ற வேண்டும். பழையது புதிய சர்வரைத் தொட மறுத்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று கோட் ஹோஸ்டிங் நிறுவனமான கிட்லாபில் நடந்தது தெரிந்த கதை. சர்வர் 9.6, ஓடியதோ 9.2-இன் பிஜி டம்ப். தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்கள் டிமார்க் (மின்னஞ்சல் அனுப்புநரைச் சரிபார்க்கும் முறை) சிக்கலில் நிராகரிக்கப்பட்டன. டேட்டா தவறுதலாக அழிந்து, பேக்கப்பைத் தேடிப்போனபோது எஸ்3 பக்கெட் காலி. ஆகவே தோல்விக்கு மெயில் அனுப்பும் ஏற்பாட்டை நம்புவதைவிட, வெற்றி பெற்றால் ஒரு பிங் (சிறு சமிக்ஞை) அனுப்பி, பிங் வராவிட்டால் வெளியிலிருந்து எச்சரிக்கும் சேவை நல்லது.

சர்வரில் இருக்கும் எஸ்3 அணுகல் கீக்கு எழுதும் உரிமை மட்டும் போதும், அழிக்கும் உரிமை வேண்டாம். வெர்ஷனிங்கை (மேலெழுதினாலும் பழைய பிரதியை வைத்திருக்கும் வசதி) இயக்கி, பழையதை நீக்கும் வேலையை லைஃப்சைக்கிளிடம் விடுங்கள்; பழைய வெர்ஷன்களுக்குத் தனி விதி வேண்டும், இல்லாவிட்டால் அவை குவிந்துகொண்டே போகும். விலையைப் பார்த்து எஸ்3-யின் மலிவான நீண்டகாலச் சேமிப்பு வகையான டீப் ஆர்க்கைவ் பக்கம் போகாதீர்கள். அங்கே 30 நாளில் அழித்தாலும் 180 நாள் கட்டணம் உண்டு, ஸ்டாண்டர்ட் முறையில் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும்.

ரீஸ்டோர்தான் உண்மையான சோதனை. டம்ப்பைத் திரும்ப ஏற்றும் கருவியான பிஜி ரீஸ்டோரின் லிஸ்ட் ஆப்ஷன் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது; அது காட்டும் பொருளடக்கம் ஃபைலின் தொடக்கத்திலேயே இருப்பதால் வால் வெட்டுப்பட்ட டம்ப்பும் அதில் தேறிவிடும். மாதம் ஒருமுறை தற்காலிக மெஷின் ஒன்றில் முழுதாக ஏற்றிப் பாருங்கள். முதலில் ரோல்கள் (டேட்டாபேஸ் பயனர்கள்): இவை பிஜி டம்ப்பில் வராது, பிஜி டம்ப் ஆலின் குளோபல்ஸ் ஒன்லி ஆப்ஷனில் தனியாக எடுத்திருக்க வேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ் மாதிரி எக்ஸ்டென்ஷன்கள் அந்த மெஷினிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் ஓடும் நான்கு ஜாப்களோடு ரீஸ்டோர், அது முடிந்ததும் அனலைஸ் (டேபிள்களின் புள்ளிவிவரம் சேகரிக்கும் கட்டளை). இண்டெக்ஸ்களை முதலிலிருந்து கட்டுவதால் டம்ப் எடுத்ததைவிட நேரம் பல மடங்கு ஆகலாம். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், சர்வர் விழுந்த அன்று மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஒரு நாள் டேட்டா போனால் தாங்காது என்கிற இடத்தில் இந்த அமைப்பு பற்றாது. அங்கே வால்-ஜி (WAL-G) போன்ற கருவியோடு வால் (WAL, மாற்றங்களைப் பதியும் லாக்) ஆர்க்கைவிங்கிற்குப் போக வேண்டியதுதான்.