கவசம் போட்ட இளவரசர் படம், 640 பவுண்ட் போச்சு

ஏமாந்துவிட்டேன் என்று நேற்று ராத்திரிதான் உறுதியானது, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழம்பொருள் ஏலம் விடும் ஓர் ஆன்லைன் தளத்தில் உள்ளங்கை அளவு மினியேச்சர் ஓவியம் ஒன்று வாங்கினேன். பொன் வேலைப்பாடு செய்த கவசத்தில் இங்கிலாந்து இளவரசர் ஹென்றி ஃபிரெடெரிக். 1612இல் 18 வயதில் காய்ச்சலில் போய்விட்டாரே, அவர்தான் (இருந்திருந்தால் தம்பி சார்லஸ் அரசராகவும் ஆகியிருக்க மாட்டார், 1649இல் தலையையும் இழந்திருக்க மாட்டார்). அந்தக் கால ஓவியர் ஐசக் ஆலிவர் வரைந்த மூல ஓவியம் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. இது அந்தக் காலத்திலேயே தந்தத்தில் வரைந்த பிரதி என்றார் விற்றவர்.

நான் விழுந்த இடம் இதுதான்: கேட்காமலே கவசத்தின் தோள்பட்டையை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினார். பொன் மேடு மேடாக நின்றது. "பாட்டி அலமாரியில் இருந்தது, விற்க மனசே இல்லை" என்று ஒரு வரி வேறு. நேராக வங்கிக் கணக்கில் போட்டால் 40 குறைக்கிறேன் என்றதும் 640 பவுண்டை அனுப்பிவிட்டேன். தந்தம் என்றபோதே முழித்திருக்க வேண்டும்! அப்போதெல்லாம் கன்றுத்தோலில் வரைந்து சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டுவார்கள், தந்தம் வந்ததே 1700 வாக்கில். எனக்குத் தெரிந்த விஷயம்தான், தெரிந்தே கோட்டை விட்டேன்.

வந்ததும் பூதக்கண்ணாடி வைத்தால் கன்னம் முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் வரிசையாக. அச்சடித்த காகிதம். கவசத்தில் மட்டும் பொன் பெயின்ட்டைச் சொட்டுச் சொட்டாக வைத்திருக்கிறார்கள், அந்தச் சொட்டைத்தான் எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

கேட்டால், "'ஆலிவர் பாணியில்' என்றுதானே போட்டிருக்கிறேன்" என்கிறார். நானும் திரும்பப் போய்ப் பார்த்தேன், கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. தளத்துக்கு எழுதினால் மூன்று நாள் கழித்து, வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லையாம். மறுபடி எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. 640 பவுண்ட் என் கருத்தா?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. லென்ஸ் வைத்து எடுத்த முகத்தின் படம் கேளுங்கள், கவசம் வேண்டாம். பின்பக்கப் படமும் கேளுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், இங்கே பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் என்றால் கார்டு நிறுவனத்திடமே பணத்தைக் கேட்கலாம். சரி, வங்கியிலிருந்து போன் வருகிறது, அப்புறம் எழுதுகிறேன்.