அந்த 28 அங்குலம்

அம்பாறைப் பக்கம் மாடு வைத்திருக்கும் மச்சான் போன கிழமை போன் எடுத்தான். "உன்ட பட்டியில இருக்கிற ஒழுங்கை மாதிரி நானும் ஒண்டு கட்டப்போறன். அளவைச் சொல்லு." மாட்டை ஒவ்வொன்றாக வரிசையில் விடும் ஒடுங்கிய வழிதான் ஒழுங்கை. அந்த நேரம் நான் ஸ்பானரும் கையுமாக அதற்குள்ளேதான் குந்தியிருந்தேன். கொஞ்சம் முன்புதான் ஒரு நாம்பன் உள்ளே போய், பாதி வழியில் நின்று, உடம்பை வளைத்துத் திரும்பி, பின்னால் வந்த நாலு பசுக்களையும் தள்ளிக்கொண்டு வந்த வழியே வெளியேறியிருந்தது. கடப்புப் பைப்பும் வளைந்துவிட்டது. பிறகு கதைக்கிறேன் என்று போனை வைத்தேன். அந்தக் கதைதான் இது.

அதைக் கட்டியது 2020இல், மட்டக்களப்புப் படுவான்கரையில், என் வளவின் மேட்டுப் பக்கத்தில். ஒரு பெரிய அடைப்பு, மூன்று சின்ன அடைப்புகள், நடுவில் வளைந்து போகும் ஒழுங்கை, அதன் முடிவில் ஊசி போடும் கூடு. மாடு வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதற்கு முந்தி எல்லாரையும் போல வார்க்கயிறு வீசிப் பிடிப்பதுதான். பெரும்போக வேளாண்மை தொடங்க மேய்ச்சல்தரைக்குப் போன பட்டி திரும்பி வரும்போது அடுத்தவன் மாடும் கலந்து வரும். அதைப் பிரிக்க ஆறு பேர், ஒரு முழுப் பகல். ஒருமுறை என் தம்பியின் விலா எலும்பும் போனது.

இனி அந்த 28 அங்குலம்.

ஒழுங்கையின் உள் அகலம் அது. வெளிநாட்டு வரைபடம் ஒன்றில் 26 முதல் 30 வரை என்று இருந்தது, நடுவைப் பிடித்தேன். அந்த வரைபடம் ஐந்நூறு அறுநூறு கிலோ மாட்டுக்குப் போட்டது என்பதை யோசிக்கவில்லை. எங்கள் நாட்டுப் பசு பெரும்பாலும் இருநூறு கிலோவைத் தாண்டாது. அதற்கு 28 அங்குலம் என்றால் ஒழுங்கை இல்லை, தெரு. நின்று நிதானமாகத் திரும்பிப்போகும். ஒன்று திரும்பினால் வரிசையே குலையும். மாட்டுக்குப் பின்னால் குறுக்கே கட்டை போட்டுத் தடுக்கலாம்தான். ஆனால் கட்டையைச் செருகப் போகிறவனின் கைக்குப் பொறுப்பு யார்?

இரும்பு ஒட்டின வெல்டர் பொடியன் மேல் பழி போடத்தான் முதலில் மனம் வந்தது. நியாயமாகச் சொன்னால், "அண்ணே, ஒரு பக்கத்தை போல்ட்டில விடுவமா, பிறகு ஒடுக்கலாம்" என்று அவன் கேட்டவன். நான்தான் "இறுக்கி ஒட்டு, மாடு முட்டினா கழரும்" என்றேன். முழுவதையும் ஒட்டிவிட்டான். ஒரு மூட்டுக்கூட இன்றுவரை விடவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

2022இல் இரும்பு விலை ஏறிய ஏற்றத்தில் புதுப் பைப்பை நினைக்கவே முடியவில்லை. உள்பக்கம் பாலைப் பலகை அடித்து 22 அங்குலமாக்கினேன். நாட்டு மாடு நூல் பிடித்தது போல் போனது. இரண்டு மாதம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு என்னிடம் இருக்கும் நாலு ஜேர்சிக் கலப்பில் ஒன்று, நிறைசினை, நடுவில் இறுகி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. பலகையை வாளால் அறுத்துத்தான் எடுத்தோம். அன்றைக்கு அதன் கண்ணைப் பார்த்தவன் அளவைப் பற்றி வாயே திறக்கமாட்டான். இப்போது எட்டு போல்ட்டில் கழற்றி மாட்டும் பலகை. நாட்டு மாட்டுக்குப் போடு, கலப்புக்குக் கழற்று. மாரி முடிய நட்டெல்லாம் கறல் பிடித்து எண்ணெய் விட்டாலும் அசையாது.

பக்கச் சுவரை நேராக நிறுத்தாமல், அடி ஒடுங்கி மேல் அகன்று வரச் சாய்த்திருந்தால் பெரிய மாடும் சின்ன மாடும் ஒன்றிலேயே போயிருக்கும். கால் வைக்கிற இடம் ஒடுங்கினால் சின்னது திரும்பாது. வயிறு வருகிற இடம் அகன்றிருந்தால் பெரியது இறுகாது. கட்டி மூன்று வருடத்துக்குப் பிறகு இது விளங்கி என்ன பயன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும்.

வளைவு வேலை செய்கிறது. கொலராடோப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் வளைந்த ஒழுங்கைக்குப் பேர்போனவர். வந்த இடத்துக்கே திரும்பிப் போவதாக மாடு நினைக்கும், முன்னால் நிற்கும் ஆளும் கண்ணில் படாது என்பது அவர் கணக்கு. நான் நம்பாமல்தான் வளைத்தேன். பக்கம் மறைக்கத் தகரம் வாங்கக் காசில்லாமல் பைப்புக்கு வெளியே கிடுகு கட்டினேன். நாய், மோட்டார் சைக்கிள், பக்கத்து வளவுப் பிள்ளைகள் எதுவும் தெரியாததால் மாடு மிரளுவது பாதியாகக் குறைந்தது. தகரம் என்றால் கொம்பு பட்டதும் சத்தம் போட்டிருக்கும். கிடுகு பேசாது. பசித்த கன்று கடிக்கும், அது வேறு கதை.

நிழலைப் பற்றியும் ஒன்று. பின்னேரம் நாலு மணிக்குப் புளியமரத்து நிழல் ஒழுங்கையில் கோடு கோடாக விழும். மாட்டுக்கு அது பள்ளம் போலத் தெரிகிறதோ என்னவோ, கால் வைக்காது. எத்தனை நாள் கத்தியிருப்பேன்! இப்போது ஊசி வேலையெல்லாம் காலையில்தான். கத்துவதையும் விட்டுவிட்டேன். மாட்டின் தோளுக்குப் பக்கத்தில் நின்று, தலைப் பக்கமிருந்து வால் பக்கமாக நடந்தால் போதும், அது தானாக முன்னுக்குப் போகும்.

ஒழுங்கை பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஆடும் ஒரு கதவு இருக்கிறது. கன்று இடப்பக்கம், தாய் வலப்பக்கம். காலையில் பால் கறக்க வேண்டும் என்றால் முதல்நாளே கன்றைப் பிரிக்க வேண்டும் அல்லவா. அந்த வேலையை மனைவி தனியாக, தடி ஒன்றும் இல்லாமல் முடித்துவிட்டுத் தேத்தண்ணிக்கு வந்துவிடுவாள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நின்ற நின்ற இடத்தில் விறைத்துச் செத்தன. அன்றைக்குப் பின்னேரம் மழைக்குள் நானும் மகனும் பட்டி முழுவதையும் ஒழுங்கையால் விட்டு, கன்று, கிழடு, மெலிந்தது என்று பார்த்துப் பார்த்துக் கதவைத் திருப்பிப் பிரித்தோம். இருட்டுவதற்குள் அவற்றைக் கொட்டிலுக்குள் ஏற்றி வைக்கோல் பரப்பினோம். வார்க்கயிறோடு நின்றிருந்தால் பத்தைக்கூடப் பிடித்திருக்கமாட்டோம். எங்களுக்கு இரண்டு கன்று போனது. வெளியில் நின்ற ஊர் மாடுகளின் கணக்கை நான் சொல்லப்போவதில்லை.

அன்றைக்கும் ஒரு மாடு நடுவில் திரும்பியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆக மச்சான், நீ கேட்டதற்குப் பதில்: கட்டாதே. இவ்வளவும் புகழ்ந்துவிட்டுக் கட்டாதே என்கிறானே என்று நினைப்பாய். நாளைக்குக் கேட்டால் வேறு சொல்வேனோ தெரியாது. இன்றைக்கு என் பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. முதலில் உன் பட்டியில் பெரிய மாட்டையும் சின்ன மாட்டையும் வயிற்றுக்குக் குறுக்கே நாடா பிடித்து அள. பிறகு இங்கே வந்து இரண்டு நாள் நில். வரும்போது கறல் பிடிக்காத நட்டு எட்டு வாங்கிக்கொண்டு வா, அரை அங்குலம்.