64, 320, இரட்டைக் குழாய்: டர்பனில் பன்னிரண்டு வருட இதய சிடி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபராகப் பன்னிரண்டு வருடம். இதய சிடிக்கு மூன்று வகை இயந்திரங்களை ஓட்டியாகிவிட்டது. கம்பெனிப் பெயர் வேண்டாம், வகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளம்பரத் தாளில் ஸ்லைஸ் (ஒரு சுற்றில் கிடைக்கும் குறுக்குவெட்டுப் படங்கள்) எண்ணிக்கைதான் கொட்டை எழுத்தில் இருக்கும். அதில் மயங்காதீர்கள். துள்ளிக்கொண்டே இருக்கிற உறுப்பு இது. ஒரு படத்தை எத்தனை மில்லிசெகண்டில் பிடிக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

நான் பழகியது 64 ஸ்லைஸில். ஒரு சுற்றில் 4 செ.மீ. அகலம்தான் அகப்படும். இதயம் முழுக்க வர நாலைந்து துடிப்பு ஆகும், துண்டுகளை ஒட்டித்தான் முழுப் படம். சுற்றுக்கு 0.35 விநாடி, படத்துக்கு அரைச் சுற்று, ஆக 175 மில்லிசெகண்ட். துடிப்பு 60 என்றால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். 80 என்றால் வலது கரோனரி (இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்), அதுதான் எல்லாவற்றிலும் அதிகம் ஆடுவது, ஈரத்தாளில் மை ஊறியதுபோல் பரவிவிடும். துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதிலேயே காலை வேளை போய்விடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு ஆயா வந்தார் (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்). திரையில் துடிப்பு 58. ரத்தக்குழாய் படத்தில் தெரிய ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறியதும் "ஐயோ தம்பி, உடம்பெல்லாம் சூடா போகுது" என்றார். துடிப்பு 74-க்குத் தாவியது, நடுவே ஒரு தப்புத் துடிப்பு வேறு. படத்தில் ரத்தக்குழாய் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்தது. அடைப்பா, ஒட்டுப்பிழையா? மறுபடி ஊசி, மறுபடி கதிர்வீச்சு. அன்றைக்கு எனக்கே என்மேல் கோபம். இயந்திரத்தின் ஆங்கிலக் குரலை எடுத்துவிட்டு "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று என் குரலைப் பதிவு செய்தேன். சக ஊழியர் ஒருவர் ஜூலு மொழியில் "பெஃபுமுலா" (மூச்சு விடுங்க) என்று பேசித் தந்தார். கான்ட்ராஸ்டுக்கு முன்பே சூடு வரும் என்று சொல்லி, இரண்டு முறை மூச்சு ஒத்திகை. எந்தக் கம்பெனியாலும் விற்க முடியாத அப்கிரேட்!

அடுத்தது 320 டிடெக்டர் (கதிர் உணரி) வரிசை. 16 செ.மீ. அகலம், மேஜை நகர வேண்டாம், ஒரே துடிப்பில் முழு இதயம். ஒட்டே இல்லாததால் படிக்கட்டும் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரர்களுக்கு, அதாவது துடிப்பு தாறுமாறாகிப்போனவர்களுக்கு, இது வரம். ஆனால் நான் ஓட்டியதில் சுற்று வேகம் பழைய 0.35 விநாடிதான், மாத்திரை டப்பாவை மூட முடியவில்லை. அகலம் வேறு, வேகம் வேறு.

அந்த வேகம் இரட்டைக் குழாயில் கிடைத்தது. இரண்டு எக்ஸ்ரே குழாய்கள் ஏறக்குறைய செங்கோணத்தில் இருப்பதால் கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போதும். சுற்று 0.28 விநாடி என்றால் 75 மில்லிசெகண்டுக்கு வந்துவிடும். ஆஸ்துமா இருப்பதால் மெட்டோப்ரோலால் வகை பீட்டா பிளாக்கர் கொடுக்க முடியாதவர்களை 80 துடிப்பிலேயே எடுத்தோம். துடிப்பு மெதுவாக, சீராக இருந்தால் கால் விநாடியில் வேலை முடியும். கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே கூட இறங்கும். குறை? இரண்டாவது டிடெக்டரின் பரப்பு குறுகல், பருத்த உடம்புக்குச் சிரமம். தாறுமாறான துடிப்பில் ஒட்டுப்பிழை திரும்பி வரும்.

மூன்றுமே தோற்கும் இடம் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கால்சியம். டர்பன் இந்தியர்களிடையே சர்க்கரையும் இளவயது மாரடைப்பும் அதிகம், அதனால் தினசரி மல்லுக்கட்டே இதோடுதான். கால்சியம் படத்தில் உப்பித் தெரியும். பாதி அடைப்பு முக்கால் அடைப்பாகக் காட்டும். 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் எண்ணும் சிடி (எக்ஸ்ரே துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் புது வகை) இதைக் குறைக்கிறது. நான் ஓட்டாத வண்டிக்கு மார்க் போட மாட்டேன்.

சிடியின் கணக்கு முளைத்ததே இந்த நாட்டில்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மக், 1956-ல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரம் வேலை பார்த்தபோது யோசிக்கத் தொடங்கியது. 1979-ல் நோபல். உலகின் முதல் மனித இதய மாற்று சிகிச்சையும் அங்கேதான், 1967-ல்.

ஒன்று மட்டும் வாங்கக் காசு என்றால் இரட்டைக் குழாய்க்கே என் ஓட்டு. தாறுமாறான துடிப்புக்காரர்கள் நிறைய வரும் இடமென்றால் 320. கையில் இருப்பது பழைய 64 தானா? விற்றுவிடாதீர்கள். துடிப்பு 60-க்கு இறங்கும்வரை நோயாளி உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்.