மூடி நல்ல மூடி: ஒரு கரி கிரில்லும் மூன்று கோடையும்

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்த 22 அங்குலக் கெட்டில் கிரில் வந்து நின்று மூன்று கோடை ஆகிவிட்டது. உருண்டைப் பானை, அதற்கேற்ற உருண்டை மூடி, மூன்று கால், இரண்டு சக்கரம். இந்த உருவத்துக்குப் பேர்போன வெபர் கம்பெனியுடையது இல்லை, அதைப் பார்த்துச் செய்த இன்னொரு கம்பெனிச் சரக்கு. திட்டப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். 89 டாலர் கொடுத்தேன்.

திட்டை முதலில் முடித்துவிடுகிறேன். சக்கரம் இல்லாத மூன்றாவது காலைக் குழிக்குள் சொருகித்தான் நிறுத்த வேண்டும். கிரில்லை இழுக்கும்போது அது கழன்று புல்லில் கிடக்கும். ஒரு தடவை உள்ளே கரி கனன்றுகொண்டிருக்கும்போதே கழன்றது. வீட்டுக்காரர் வெறுங்கையால் பிடிக்கப் போனார், நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது அங்கே ஒரு போல்ட் முடுக்கி வைத்திருக்கிறோம். சாம்பல் தட்டு பப்படம் மாதிரி, காற்றடித்தால் பாதிச் சாம்பல் துவைத்துப் போட்ட துணியில்தான். மூடியில் இருக்கும் வெப்பமானி வெறும் அலங்காரம். எப்படியும் அது மூடியின் உச்சிச் சூட்டைத்தான் காட்டும், கறி கிடக்கும் கம்பித் தட்டின் சூட்டை அல்ல. என்னுடையது அதையும் ஒழுங்காகக் காட்டவில்லை.

பிறகு ஏன் வைத்திருக்கிறாய் என்றால், மூடிக்காக. 1952இல் சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான உலோக அரைக்கோளங்களை எடுத்து ஒன்றைச் சட்டியாகவும் இன்னொன்றை மூடியாகவும் ஆக்கினார். திறந்த அடுப்பில் காற்றும் மழையும் சமையலைக் கெடுப்பதுதான் அவருடைய எரிச்சல். அந்த மூடிதான் கரி அடுப்பை ஓவனாகவும் ஆக்கியது. என் போலிச் சரக்கிலும் மூடி கனமாக, எனாமல் பூச்சோடு, இடைவெளி இல்லாமல் உட்காருகிறது. காற்றுத் துளையை மூடினால் தீ அடங்குகிறது, திறந்தால் எழும்புகிறது. அது போதும் எனக்கு.

இதில் நான் அதிகம் செய்வது பன்றிக்கறியும் பீச் பழமும். சார்லட்டிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலை பிடித்துத் தெற்கே ஒரு மணி நேரம் போனால் தென் கரோலினாவின் காஃப்னி. நெடுஞ்சாலையோரம் பீச் பழ வடிவில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கும், 1981இல் கட்டியது, பத்து லட்சம் காலன் கொள்ளும். பீச் என்றால் எல்லோரும் ஜார்ஜியா என்பார்கள். விளைச்சலில் தென் கரோலினாதான் முந்தி என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், விடமாட்டார்கள். சாலையோரக் கடைகளில் ஜூலையில் போனால் கொட்டை தனியே கழன்று வரும் ரகங்கள் கிடைக்கும். சீசன் தொடக்கத்தில் வருவதில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட நல்லது, பாதியாகப் பிளந்து சுட லாயக்கில்லை. கையில் சாறு வழியும் பழமும் வேண்டாம், கம்பியில் வைத்ததும் கூழாகிவிடும். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அவ்வளவுதான்.

கறிக்கு ஒன்றேகால் அங்குலக் கனத்தில் எலும்போடு வெட்டிய ‘சாப்’ துண்டு. மெல்லிசாக வெட்டி வாங்கினால் சுட்டதும் செருப்புத் தோல். நாலு மணி நேரம் முன்பே உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். சுடும் முன் மிளகும் சோம்பும் ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடுவேன். இனிப்பு எதுவும் தடவுவதில்லை, சர்க்கரை கறி வேகும் முன்னே கரிந்துவிடும். இனிப்புக்குத்தான் பழம் இருக்கிறதே.

கரியை ஒரு பாதியில் மட்டும் குவிக்க வேண்டும். கறி மறுபாதியில், எலும்புப் பக்கம் தீயைப் பார்த்தாற்போல. மூடியின் காற்றுத் துளை கறிக்கு நேர் மேலே வருமாறு மூடினால், சூடும் புகையும் கறியைத் தாண்டித்தான் வெளியே போகும். இருபது நிமிடம் தொடவே கூடாது. உள்சூடு 120 ஃபாரன்ஹீட் வந்ததும் கரிக்கு மேலே நகர்த்தி இரண்டு பக்கமும் முறுக விட வேண்டும். கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும். பயந்து தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் படியும். மூடியைப் போடுங்கள், காற்றில்லாமல் தானே அடங்கும்.

145 தொட்டதும் எடுத்துவிட வேண்டும், குறைந்தது மூன்று நிமிடம் ஆற வேண்டும். அமெரிக்க விவசாயத் துறை 2011இல் 160இலிருந்து இறக்கிய கணக்கு இது. இதற்கு மூடி வெப்பமானியை நம்பாமல், கறியில் குத்திப் பார்க்கும் சின்ன வெப்பமானி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நாகர்கோவிலிலிருந்து அம்மா வந்திருந்தாள். அவள் பன்றிக்கறி வைத்தால் தேங்காய் வறுத்தரைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, கொழுப்பு கண்ணாடியாகும் வரை வேகவிடுவாள். நான் வெட்டி வைத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உள்ள செவந்து கிடக்கே மக்ளே, வேவல்லியா?” வெப்பமானியைக் குத்திக் காட்டினேன். “அது சொன்னா ஆச்சா?” என்று தன் துண்டை மட்டும் திரும்பவும் தீயில் போடச் சொன்னாள். போட்டேன். செருப்புத் தோல்தான். ஒன்றும் சொல்லாமல் மென்றுகொண்டிருந்தாள்.

பீச்சில் மட்டும் மறுப்பே இல்லை. பாதியாகப் பிளந்து, வெட்டுப் பக்கம் எண்ணெய் தொட்டு, கரிக்கு நேர் மேலே மூன்று நான்கு நிமிடம் அசைக்காமல் வைத்தால் கம்பிக்கோடு கறுப்பாக விழுந்து, சாறு வெல்லப்பாகு வாசனையில் கொதிக்கும். சீக்கிரம் புரட்டினால் சதை கம்பியிலேயே ஒட்டிக் கிழியும். நான் அதன் மேல் எலுமிச்சை பிழிந்து உப்பு தூவி வைப்பதோடு சரி. அம்மா இரண்டு பாதியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தேங்காய், பச்சை மிளகாய், கொஞ்சம் கடுகு அரைத்து, தயிர் விட்டு, மேலே கறிவேப்பிலை தாளித்துக் கொண்டுவந்தாள். ஊர்க் கல்யாணப் பந்தியில் வைக்கிற அன்னாசிப்பழப் பச்சடியேதான், புகை வாசனையோடு.

இந்த ஜூலையிலும் அதைத்தான் செய்கிறேன், காஃப்னிப் பழம் ஒரு கூடை வந்துவிட்டது. கிரில்லை வாங்குகிறவர்கள் கடையிலேயே மூடியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம், அந்த மூன்றாவது காலுக்கு ஒரு போல்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.